ஆளுக்கொரு கைப் பொங்கல்

நான் தோல் காலணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஒரு பசுவைக் காப்பாற்றப் புறப்பட்டவனும் நான்தான். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். சிரிக்கட்டும். மிச்சக் கதையில் சிரிக்க அவ்வளவாக ஒன்றும் இல்லை.

திண்டுக்கல்லில் தோல் தடவிப் பழகிய கை என்னுடையது. அந்தக் கையை நம்பித்தான் வியட்நாமில், சைகோனின் புறநகரான குச்சியில் இருக்கும் ஒரு காலணித் தொழிற்சாலை என்னைத் தரம் பார்க்கும் மேலாளராக எடுத்துக்கொண்டது. மனைவி செல்வி, பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் மது, நான் மூவரும் நகரின் தெற்கே பூ மி ஹங் என்ற பகுதியில் பதினான்காவது மாடியில் குடியிருந்தோம். தினமும் காலையில் கம்பெனி பஸ் என்னை ஏற்றிக்கொண்டு, சைகோனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். கண்ணாடிக் கட்டடங்கள் முடிந்து, வயலும் காய்கறித் தோட்டமும் மாட்டுக் கொட்டகைகளும் வரும் இடத்தில் எனக்குத் தூக்கம் கலையும்.

அப்படி ஒரு நாள் கலைந்தபோதுதான் அவளைப் பார்த்தேன். சாலையோர வீடு ஒன்றின் முன்னால், பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் ஓர் இளம் பசு நின்றுகொண்டிருந்தது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

மாட்டுக்காரர் பெயர் ஆன் பா. (ஆன் என்றால் அண்ணன், பா என்றால் மூன்று. ஆனால் அவர் வீட்டில் இரண்டாவது பிள்ளை. இந்த ஊர்க் கணக்கு அப்படி. ஏன் என்று கேட்டால் பொழுது போய்விடும்.) தொழிற்சாலையில் பழகிய அரைகுறை வியட்நாமிய மொழியில் விசாரித்தேன். கால் சரியில்லை, சினையும் பிடிக்கவில்லை, அடுத்த வாரம் கசாப்புக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். அரிசி விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

அன்று பகல் முழுக்க, வெட்டிய தோலில் தழும்பு இருக்கிறதா, சுருக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே அந்தப் பசுவுக்காகக் கண்கலங்கினேன். இதிலுள்ள கோணலை அப்போது யாரும் எனக்குச் சுட்டிக்காட்டவில்லை. காட்டியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலமே தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு எழுதிவிட்டேன். ‘நம் கண்ணெதிரே ஒரு கோமாதா’ என்று தொடங்கி எழுதினேன் என்று நினைக்கிறேன். அரைமணி நேரத்தில் கும்பிடும் கைகள் குவிந்தன. சங்கச் செயலாளர் சுந்தரம் அண்ணன், காரைக்குடிக்காரர், சந்தைப் பக்கம் மசாலா வியாபாரம் செய்பவர், உடனே கூப்பிட்டார்.

“தம்பி, வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்கு அட்டையில வெட்டுன மாட்டை நிறுத்திக் கும்பிடுறோம். இந்த வருசம் நெச மாடு! இது தெய்வச் செயலப்பா.”

தெய்வம் இதில் கலந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் கலந்துகொண்டேன். ஆளாளுக்குப் பணம் போட்டார்கள், மாட்டை வாங்கினோம், ஆன் பாவின் கொட்டகையிலேயே மாதக் கூலி பேசி விட்டுவைத்தோம். பெயர் வைப்பதில்தான் தகராறு. லட்சுமி கட்சி, காமாட்சி கட்சி, மீனாட்சி கட்சி என்று குழு மூன்றாக உடைந்து, இரண்டு பேர் வெளியேறி, சமாதானம் செய்து திரும்பச் சேர்க்கப்பட்டு, கடைசியில் மீனாட்சி என்று முடிவானது. மாட்டின் கால் இன்னும் அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் கட்சி கட்டவில்லை.

“டாக்டரக் கூப்பிட்டீங்களா?” என்று செல்விதான் கேட்டாள். அதன்பிறகுதான் அப்படி ஒரு வேலை பாக்கி இருப்பது எனக்குத் தெரிந்தது.

ஆன் பா சொல்லி டாக்டர் லான் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. நல்ல ஆங்கிலம் பேசினார். காலைத் தூக்கிக் கட்டி, குளம்பைச் சீவி, உள்ளே கோத்திருந்த சீழை வெளியேற்றி, புண்பட்ட பாதி தரையில் படாதபடி மறுபாதிக் குளம்புக்கு அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டி, ஊசி போட்டார். மீனாட்சி கொஞ்ச நேரத்தில் தயங்கித் தயங்கி அந்தக் காலை ஊன்றினாள். நான் படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் லான் கேட்டார்: “இந்த மாட்டுக்குப் பொறுப்பு யார்?”

“சங்கம்” என்றேன் பெருமையாக.

“சங்கம் போன் எடுக்குமா?”

என் எண்ணைக் கொடுத்தேன்.

“இன்று காப்பாற்றிவிட்டீர்கள், நல்லது. இன்னும் ஐந்து வருடம் கழித்து யார் பார்ப்பார்கள்? ஏதாவது ஒன்று ஆனால் முடிவு சொல்லப்போவது யார்? அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.”

“நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி, டாக்டர்.”

“குடும்பத்தில்தான் யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள்” என்றார். பிறகு தீனியைப் பற்றிச் சொன்னார். புல், வைக்கோல், பழகிய தவிடு கொஞ்சம். புதிதாக எதையும் திடீரென்று கொடுக்கக்கூடாது. முக்கியமாக அரிசிச் சோறு, இனிப்பு, பழம் கூடவே கூடாது. “எங்கள் தெத் புத்தாண்டு முடிந்தால் ஊர் நாய்களெல்லாம் வயிற்றுக் கோளாறோடு என் வாசலுக்கு வந்துவிடும். மாட்டுக்கு அந்தக் கோளாறு வந்தால் உயிர் போய்விடும். புரிந்ததா?”

நன்றாகவே புரிந்தது. அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதி நானே குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

மாட்டுப் பொங்கலன்று பூ மி ஹங்கிலிருந்து இரண்டு பஸ் புறப்பட்டது. பட்டுப் புடவை, பட்டு வேட்டி, மேளத்துக்குப் பதிலாக ஒலிபெருக்கி. ஆன் பாவின் சின்ன முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. மீனாட்சிக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம். அவள் மிரண்டுபோய் ஆன் பாவின் பின்னால் ஒளியப் பார்த்தாள். ‘அம்மா வெட்கப்படுறா’ என்று யாரோ சொல்ல, எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள்.

சங்கத்தின் சார்பில் ஒரு பெரிய தவலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். பால் பொங்கியதும் குலவை இட்டார்கள். பொங்கலை இறக்கியதும் சுந்தரம் அண்ணன் மாட்டுக்கு ஒரு கை ஊட்டினார்.

செல்வி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “என்னங்க, டாக்டரம்மா சோறே கூடாதுன்னாங்கல்ல?”

“ஒரு கைதானடி. நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாத.”

சுந்தரம் அண்ணன் ஊட்டியதும் அவர் மனைவி ஊட்டினார். தலைவர் ஊட்டியபின் துணைத் தலைவர் சும்மா இருக்க முடியுமா? வரிசை உண்டாகிவிட்டது. நம்மவர்களுக்கு ஒரு வரிசை கண்ணில் பட்டால் போதும், எதற்கு என்று கேட்காமல் நின்றுவிடுவார்கள். அதுவும் இது புண்ணியத்துக்கான வரிசை. பல வீடுகளில் தனியாகவும் பொங்கல் வைத்து டப்பாவில் கொண்டுவந்திருந்தார்கள். நெய் சொட்டச் சொட்ட, முந்திரி பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்து, ஆளுக்கு ஒரு கை. ஒரு கைக்கு ஒரு படம். படம் சரியாக விழாதவர்கள் இன்னொரு கை. கைக்குழந்தைகளின் கையைப் பிடித்தும் ஊட்டவைத்தார்கள். நடுநடுவே வாழைப்பழம்.

மீனாட்சி சாப்பிட்டாள். பிறந்ததிலிருந்து புல்லும் தவிடும் தவிர எதையும் காணாத பிராணி, வெல்லமும் நெய்யும் வாயருகே வந்தால் வேண்டாம் என்றா சொல்லும்?

ஆன் பா இரண்டு முறை குறுக்கே வந்தார். “அதிகம், அதிகம்” என்று கையை ஆட்டினார். நாங்கள் அவருக்கும் ஓர் இலை போட்டு உட்காரவைத்துவிட்டோம்.

எல்லாம் முடிந்து பஸ் ஹாரன் அடித்தபோது, தவலையில் கால்வாசிப் பொங்கல் மிச்சம் இருந்தது. யாருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லை. எல்லோர் வீட்டிலும் பொங்கல் கிடந்தது.

“பிரசாதத்தைக் கீழ கொட்டப்படாது” என்றார் சுந்தரம் அண்ணன். “அவளுக்குன்னு வச்சது. அவ தொட்டியிலயே போட்டுருங்க, நின்னு நிதானமாச் சாப்பிடட்டும்.”

தவலையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தது இந்த இரண்டு கைகள்தான். கரண்டியால் சுரண்டி வேறு போட்டேன். அவள் கழுத்தைத் தடவிக்கொடுத்து, “சாப்பிடு தாயி” என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நல்லவனாக என்னை நான் உணர்ந்தது வேறு எப்போதும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆன் பாவிடமிருந்து போன். மாடு எழுந்திருக்கவில்லை, பல்லைக் கடிக்கிறது, இடது வயிறு கல் மாதிரி இருக்கிறது, சாணம் தண்ணீராக, புளித்த நாற்றம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழுவில் எழுதினேன்.

குழு விழித்துக்கொண்டது. ஓமத் தண்ணீர் கொடுங்கள். இஞ்சிச் சாறு. வெற்றிலையில் மிளகு வைத்து மடித்து ஊட்டுங்கள். விளக்கெண்ணெய். இத்தனை பேர் பார்த்த கண், திருஷ்டி கழியுங்கள். ஒருவர் தேவகோட்டையிலிருக்கும் தன் மாமாவை வீடியோவில் இழுத்துவந்தார். அவர் ஒரு காலத்தில் மாடு வைத்திருந்தாராம். அந்த மாடு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

“மொதல்ல அந்த டாக்டரம்மாவக் கூப்பிடுங்க” என்றாள் செல்வி.

“கூப்பிட்டா, என்ன சாப்பிட்டுச்சுன்னு கேப்பாங்களே.”

“கேட்டா சொல்லுங்க.”

“எப்படிடி சொல்றது?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

விடுப்பு சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலில் ஓமத் தண்ணீரோடு குச்சிக்குப் போனேன். படுத்துக்கிடந்த மீனாட்சியின் வாயைப் பிளந்து ஊற்றினேன். பாதி உள்ளே போனது, பாதிக்கு இருமினாள். மூச்சு முன்னைவிட மோசமானது. அப்போது ஆன் பா என்னிடம் ஒன்றும் கேட்காமல் தன் போனை எடுத்து டாக்டர் லானைக் கூப்பிட்டார். அதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டிருந்தது.

டாக்டர் லான் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே தொட்டியைப் பார்த்துவிட்டார். அதில் ஒரு முந்திரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு?” என்றார்.

“ஆளுக்கு ஒரு கைதான், டாக்டர்.”

“எத்தனை ஆள்?”

குழுவில் கேட்டேன். அவர் மண்டியிட்டு மாட்டின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, என் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ‘நாங்க ஒரே ஒரு கைதான் சார்.’ ‘We also one hand only.’ ‘எங்க வீட்ல அரைக் கைதான், பாப்பா ஊட்டினா.’ ‘பழம் மட்டும்தான் குடுத்தோம்.’ ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லோரும் சத்தியவான்கள். கூட்டிப் பார்க்கத்தான் ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

டிங் சத்தம் நிற்கவே இல்லை. “அதை அணையுங்கள்” என்றார் டாக்டர் லான். “வயிற்றில் சத்தமே இல்லை. நான் அதைக் கேட்க வேண்டும்.”

அவர் விளக்கினார். அரிசியும் வெல்லமும் உள்ளே புளித்து அமிலமாகிவிட்டது. அது ரத்தத்திலும் ஏறிவிட்டது. விடியற்காலையிலேயே கூப்பிட்டிருந்தால் வயிற்றைக் கழுவி எடுத்திருக்கலாம். வாய் வழியாகக் குழாய் விட்டு அப்போதும் முயன்றார். வெளியே வந்த தண்ணீரில் பொங்கல் பருக்கை பருக்கையாக வந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார். மீனாட்சியின் காது சில்லிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாள். அந்த முனகலை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

பிற்பகலில் டாக்டர் லான் எழுந்து நின்றார். “இனிமேல் நான் எது செய்தாலும் வலியைத்தான் நீட்ட முடியும். ஊசி போட்டால் அமைதியாகப் போய்விடுவாள். உரிமையாளர் சொல்ல வேண்டும்.”

சுந்தரம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“சிவ சிவா! பசுவக் கொல்லுன்னு என் வாயால சொல்லவா? ஏழு சென்மத்துக்கும் தீராதப்பா. இரு, கமிட்டியில கேக்குறேன்.”

கமிட்டி பொதுக்குழுவைக் கேட்டது. பொதுக்குழுவில் ஒருவர் வாக்கெடுப்பு நடத்தினார். சம்மதம், சம்மதமில்லை, கருத்து இல்லை. கருத்து இல்லை அமோகமாக வென்றது. சிங்கப்பூரில் நல்ல ஸ்பெஷலிஸ்ட் உண்டா என்று ஒருவர் விசாரித்தார். ‘அவன் விட்ட வழி’ என்று ஒருவர். நிறையக் கும்பிடும் கைகள். முந்தின நாள் ஊட்டியதும் அதே கைகள்தான்.

“முடிவு வந்ததா?” என்றார் டாக்டர் லான். மருந்து ஏற்றிய ஊசி அவர் கையில் இருந்தது.

“இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.”

“நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்கள் எண்ணைத்தானே கொடுத்தீர்கள்?”

சரி என்று ஒரு வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை. ஆயிரக்கணக்கான ஜோடிச் செருப்புக்குத் தோல் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஓர் உயிருள்ள மாட்டின் வலியை நிறுத்தச் சரி என்று சொன்னால் பாவம் வந்துவிடும் என்று பயந்து நின்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மீனாட்சி மறுபடி முனகினாள். ஆன் பா அதுவரை கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றவர், அவள் தலையருகே வந்து உட்கார்ந்தார். காய்ந்த மாலையைக் கழற்றி அப்பால் வைத்தார். நாக்கால் ‘த்தொக்’ என்று ஒரு சத்தம் கொடுத்தார். ஒரு மாதமாக மீனாட்சி மீனாட்சி என்று நாங்கள் கூப்பிட்டு ஒரு முறையும் திரும்பாதவள், அந்தச் சத்தத்துக்குக் காதைத் திருப்பினாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு.”

“என்ன?”

“மாட்டை. கொடுத்துவிட்டேன் என்று சொல்.”

“கொடுத்துவிட்டேன்” என்றேன்.

“இப்போது என் மாடு” என்று டாக்டர் லானிடம் சொன்னார். “போடுங்கள்.”

கசாப்புக்குக் கொடுக்கப்போகிறார் என்றுதான் அந்த மனிதரிடமிருந்து அவளைக் காப்பாற்றினோம். ஊசி இறங்கி முடியும் வரை அவள் தலையை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். நான் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது டாக்டர் லான் கோபப்படவில்லை. களைப்பாக இருந்தார். “அடுத்த முறை உங்களுக்கு எதையாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால், தோன்றியவுடன் எனக்குப் போன் செய்யுங்கள். அந்தப் பிராணியைத் தொடுவதற்கு முன்னால்.”

சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். ஆன் பா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒரு வாரம் கழித்துச் சங்கத்துத் தவலையைத் தேய்த்துக் கழுவி, எங்கள் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். சங்க அறிவிப்பில், மீனாட்சி இறைவனடி சேர்ந்ததாகவும் தீவனத்தில் ஏதோ கிருமி இருந்ததாகவும் எழுதினார்கள். மறு வருடம் பழைய அட்டை மாடு திரும்ப வந்தது. அதன் வாயிலும் ஒருவர் வாழைப்பழத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் பஸ்ஸில் வலப்பக்கம் உட்காருவதை நிறுத்தினேன். ஆன் பாவின் வீடு அந்தப் பக்கம்தான் வரும்.

அதன்பிறகு ஒரே ஒரு முறை எங்கள் கட்டட வாகன நிறுத்துமிடத்தில் ஒரு பூனைக்குட்டி அகப்பட்டது. டாக்டர் லானுக்குப் போன் செய்தேன். தனக்குப் பூனை சரிவராது என்று பக்கத்திலேயே ஒரு மருத்துவரின் எண்ணைக் கொடுத்தார். அங்கே கொண்டுபோகும்வரை செல்வி பால் பாக்கெட்டை என் கைக்கு எட்டாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். குட்டி பிழைத்தது. இப்போது வேறு யார் வீட்டிலோ இருக்கிறது. எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதுவுக்குப் போன வருடம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை முதன்முதலாக விருந்துக்கு வந்திருந்தார். நல்ல பையன், கூச்ச சுபாவம், போதும் என்று சொல்லத் தெரியாதவர். நான் சர்க்கரைப் பொங்கல் கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தேன். மது என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, தட்ட மூடிக்கங்க. அப்பா பாசமா வர்றாரு.”

செல்வி புரையேறச் சிரித்தாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் இரண்டு கைகளாலும் தட்டை மூடிக்கொண்டார். மது கதை சொல்ல ஆரம்பித்தாள். பஸ், பட்டு வேட்டி, வரிசை, டிங் டிங் என்று அடித்த போன், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கொட்டகையில் அதன்பிறகு நடந்ததை அவள் சொல்வதில்லை, சிரிப்போடு நிறுத்திவிடுவாள்.

“அப்புறம் மாடு என்னாச்சு மாமா?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

“வித்துட்டோம் மாப்ள” என்றேன்.